ஈராக்குக்குப் போக மறுத்த சிப்பாயும் மனுவின் தேதியும்

அமெரிக்க ராணுவத்தில் 1973-க்குப் பிறகு கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. இருப்பவர்கள் எல்லோரும் தாங்களாகக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவர்கள்தான். அதனால் 2003-ல் ஈராக் போர் தொடங்கியபின் சில சிப்பாய்கள் "நான் போகமாட்டேன்" என்று நின்றபோது, அவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "விருப்பப்பட்டுத்தானே சேர்ந்தாய்?"

கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் இதற்கான பதிலை அந்த ராணுவத்தின் விதிப்புத்தகமே வைத்திருக்கிறது. சேர்ந்த பிறகு ஒருவரின் மனம் மாறலாம், உண்மையாகவே மாறியிருந்தால் அவரை விடுவிக்கலாம் என்று 1962 முதல் பாதுகாப்புத் துறையின் விதி சொல்கிறது. விதி இருந்தும், போரை மறுத்தவர்களில் சிலர் மரியாதையான விடுவிப்புடன் வீடு போய்ச் சேர்ந்தார்கள். சிலர் மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். எந்தக் காகிதத்தை எந்தத் தேதியில் கொடுத்தார்கள், அதில் என்ன எழுதினார்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அது முடிவானது. பதினெட்டு வயதில் கையெழுத்துப் போடும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் வேதனை.

இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் உண்டு. கிரீன் கார்டு இல்லாமல் மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருந்தவர்களை ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட 'மாவ்னி' என்ற திட்டம் 2009 முதல் 2016 வரை நடந்தது. அதில் கேட்கப்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது.

கையெழுத்துப் போட்டது எதில்?

சேர்க்கை ஒப்பந்தத்தின் பெயர் டிடி ஃபார்ம் 4. ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் வாயால் சொல்வது "நாலு வருஷம்". படிவத்தில் இருப்பது மொத்தம் எட்டு வருடம். நான்கு வருடம் முழுநேரப் பணி என்றால், மிச்ச நான்கு வருடம் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும். சம்பளம் கிடையாது, பயிற்சி கிடையாது, ஆனால் கூப்பிட்டால் போயாக வேண்டும். அப்படி ஒரு பட்டியலில் தன் பெயர் இருப்பதையே மறந்துவிட்டு வேலை, குடும்பம் என்று ஆகிவிட்டவர்கள் ஏராளம். 2004 கோடையில் அந்தப் பட்டியலிலிருந்து 5,600 பேரைத் திரும்ப அழைக்கப்போவதாக ராணுவம் அறிவித்தபோதுதான் பலருக்கு அந்த எட்டு வருடக் கணக்கு நினைவுக்கு வந்தது.

அதே படிவத்தில் இன்னும் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று, இந்த ஒப்பந்தத்திலும் அதன் இணைப்புகளிலும் எழுதப்படாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்பது. "உன்னைப் போருக்கு அனுப்பமாட்டார்கள், நீ சமையல் பிரிவுதானே" என்று ஆள்சேர்ப்பு அதிகாரி சொன்னது அந்த ஒரு வரியில் காற்றோடு போய்விடும். இரண்டாவது, ராணுவத்தினரைப் பற்றிய சட்டங்கள் முன்னறிவிப்பு இல்லாமல் மாறலாம், மாறினால் உங்களையும் கட்டும் என்பது. 'ஸ்டாப் லாஸ்' என்ற ஏற்பாடு நின்றது இந்த அடித்தளத்தில்தான். ஒப்பந்தக் காலம் முடியும் நேரத்தில் யூனிட் ஈராக்குக்குக் கிளம்புகிறது என்றால், காலம் முடிந்தவரையும் பிடித்துவைத்து அழைத்துப்போனார்கள். நீதிமன்றம் போனவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. இப்படிப் பிடித்துவைக்கப்பட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டாலர் பின்னால் கணக்குப் போட்டுக் கொடுக்க 2009-ல் சட்டம் வந்தது. போன காலத்தை அந்தப் பணம் திருப்பித் தராது.

கையெழுத்துப் போட்டும் இன்னும் பயிற்சி முகாமுக்குப் போகாதவர்களின் நிலைமை முற்றிலும் வேறு. படிப்பு முடியட்டும் என்று காத்திருக்கும் இந்தக் காலம் ஒரு வருடம் வரை நீளலாம். இந்தக் கட்டத்தில் மனம் மாறினால், போக விருப்பமில்லை என்று ஆள்சேர்ப்புப் பிரிவின் கமாண்டருக்கு ஒரு கடிதம் எழுதி, நகல் வைத்துக்கொண்டு, குறித்த நாளில் போகாமல் இருந்தால் போதும். சிறை இல்லை, வழக்கு இல்லை. ஆனால் ஆள்சேர்ப்பு அதிகாரிக்கு மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. "போலீஸ் வரும்", "இனி உனக்கு எந்த அரசாங்க வேலையும் கிடைக்காது" என்று மிரட்டியதாக நிறையப் புகார்கள் உண்டு. பயந்துபோய் "நேரில் வந்து பேசுகிறேன்" என்று அலுவலகத்துக்குப் போகும் பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறது. பேருந்து ஏறிப் பயிற்சி முகாமின் வாசலைத் தாண்டிவிட்டால் கணக்கு மாறிவிடும். அதன்பின் தொடக்கக் காலத்துக்குள் வெளியே வர வழி உண்டு என்றாலும், முடிவெடுப்பது கமாண்டர்.

மனசாட்சி மறுப்பு: சட்டம் கேட்பது என்ன?

தரைப்படையில் இதற்கான விதித்தொகுப்பு ஏ.ஆர். 600-43. வரையறை சிறியதுதான். எந்த வடிவிலான போரிலும் பங்கெடுப்பதற்கு, அல்லது ஆயுதம் தூக்குவதற்கு, உறுதியான, நிலையான, நேர்மையான எதிர்ப்பு இருக்க வேண்டும். அந்த எதிர்ப்பு மதப் பயிற்சியிலிருந்தோ நம்பிக்கையிலிருந்தோ வந்திருக்க வேண்டும். ராணுவத்தில் சேர்ந்த பிறகு முற்றியதாக இருக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் சிப்பாயின் தலையில்.

'மதம்' என்ற சொல்லைப் பார்த்து நாத்திகர்கள் பின்வாங்க வேண்டியதில்லை. 1965-ல் சீகர் வழக்கிலும் 1970-ல் வெல்ஷ் வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சொல்லை அகலமாக்கிவிட்டது. கடவுள் நம்பிக்கைக்கு ஒருவர் மனதில் என்ன இடம் இருக்குமோ, அதே இடத்தில் அறநெறி நம்பிக்கை இருந்தாலும் போதும்.

கழுத்தை இறுக்கும் நிபந்தனை 'எந்த வடிவிலான போரிலும்' என்பதுதான். 1971-ல் கில்லெட் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட நீக்ரே என்பவர் ஒரு சிப்பாய். வியட்நாமுக்குப் போக ஆணை வந்தபோது, நான் கத்தோலிக்கன், என் மதம் நியாயமான போரையும் அநியாயமான போரையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது, இது அநியாயமான போர் என்றார். மதத்தின் அடியிலிருந்தே வந்த மறுப்பு அது. ஆனாலும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் மறுப்பவருக்கு இந்த வழி கிடையாது என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பானது. இன்றுவரை அதுதான் நிலை. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது. எல்லாப் போரும் தப்பு என்பவரை விட, இந்தப் போர் ஏன் தப்பு என்று உட்கார்ந்து யோசித்தவரின் மனசாட்சி எந்த வகையில் மட்டம்?

லெப்டினன்ட் எஹ்ரன் வட்டாடா அந்த இரண்டாவது வகை. வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸில் இருந்தவர், 2006 ஜூன் மாதம் தன் யூனிட்டோடு ஈராக்குக்குக் கிளம்ப மறுத்தார். ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புங்கள், போகிறேன் என்றார். எல்லாப் போருக்கும் எதிரானவன் என்று பொய் சொல்ல அவருக்கு மனமில்லை, அதனால் மனசாட்சி மறுப்பு மனுவே கொடுக்கவில்லை. 2007 பிப்ரவரியில் நடந்த கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணை, பாதியில் செல்லாததாகியது. இன்னொரு முறை விசாரித்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு விசாரணை ஆகிவிடும் என்று ஒரு சிவில் நீதிபதி தடுத்தார். 2009-ல் மரியாதை குறைந்த வகை விடுவிப்புடன் வெளியே வந்தார். வழக்கு நிற்காமல் போனது விசாரணை நடந்த விதத்தால். அவர் சொன்ன காரணத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டதாக இதைப் படித்து ஏமாறக் கூடாது.

மனுவில் இரண்டு வகை உண்டு. 1-ஓ என்றால் ராணுவத்தை விட்டே விடுவிப்பு. 1-ஏ-ஓ என்றால் ஆயுதம் இல்லாத வேலையில் தொடர்வது. இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கியைத் தொடாமல் மருத்துவ உதவியாளராக ஓகினாவாவில் காயம்பட்டவர்களைச் செங்குத்துப் பாறையிலிருந்து கயிற்றில் இறக்கிக் காப்பாற்றிய டெஸ்மண்ட் டாஸ் இந்த இரண்டாவது வகை. நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இதில் அவசரப்பட்டுத் தவறு செய்கிறவர்கள் உண்டு. "ஒன்றுமில்லாததற்கு இதாவது கிடைக்கட்டும்" என்று 1-ஏ-ஓ கேட்டால், அதே யூனிட்டோடு அதே போருக்கு ஆயுதமில்லாமல் போக நேரலாம். மனதுக்கு எது உண்மையோ அதைத்தான் கேட்க வேண்டும்.

மனு எழுதும்போது

டிஏ ஃபார்ம் 4187 என்ற பொதுவான கோரிக்கைப் படிவம் மேலே இருக்கும். உண்மையான கனம் அதோடு இணைக்கும் பதில்களில். பிறந்ததிலிருந்து படித்த பள்ளிகள், பார்த்த வேலைகள், குடியிருந்த இடங்கள், பெற்றோரின் மதம் என்று தொடங்கும். பிறகு, உங்கள் நம்பிக்கை என்ன, அது எப்படி உருவானது, எப்போது, ஏன் ராணுவப் பணியோடு ஒத்துப்போகாமல் ஆனது, பலப்பிரயோகம் எந்தச் சூழலில் சரி என்று நினைக்கிறீர்கள், அந்த நம்பிக்கையால் உங்கள் அன்றாட வாழ்க்கை எப்படி மாறியது, அதன் ஆழத்தை எது மிகத் தெளிவாகக் காட்டுகிறது என்று கேட்கும்.

நிராகரிக்கப்படும் பதில் எப்படி இருக்கும் என்றால்: "ஈராக்கில் பேரழிவு ஆயுதம் எதுவும் இல்லை. எங்களிடம் பொய் சொன்னார்கள். இந்தப் போரில் சாக எனக்கு விருப்பமில்லை." ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கலாம். ஆனால் முதல் இரண்டு வரிகள் அரசியல் கருத்து என்று ஒதுக்கப்படும், மூன்றாவது பயம் என்று எழுதப்படும்.

நிற்கக்கூடிய பதிலில் தேதியும் இடமும் இருக்கும். உதாரணத்துக்கு இப்படி: "சுடும் பயிற்சியில் மனித உருவப் பலகைகள் எழும்ப எழும்பச் சுடவேண்டும். மார்ச் மாதம் ஒருநாள் நாற்பதில் முப்பத்தெட்டு விழுந்தது. எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பலகைக்குப் பதில் ஆள் நின்றிருந்தாலும் கை இப்படித்தான் தானாக இயங்கியிருக்கும் என்று புரிந்தது. அடுத்த ஞாயிறு முதல் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஜூனில் வேட்டைக்குப் போவதை நிறுத்தினேன். என்ன மாற்றம் என்று அண்ணன் கேட்டான், அவனுடைய கடிதம் இணைப்பில் இருக்கிறது." மாற்றம் படிப்படியாக நடந்தது, அதைப் பார்த்த சாட்சி இருக்கிறது, வாழ்க்கையில் ஏதோ ஒன்று விடப்பட்டிருக்கிறது என்ற மூன்றும் அதில் வந்துவிட்டன. இதை இரவல் வாங்க முடியாது. வேறொருவரின் மனுவைப் பார்த்து எழுதிய வாக்கியம் விசாரணையில் இரண்டாவது கேள்வியிலேயே உடைந்துவிடும்.

ஆதரவுக் கடிதங்கள் ஐந்தாறு இருந்தால் நல்லது. "நல்ல பையன்" என்று எழுதும் கடிதம் பயன்படாது. "இவன் நம்பிக்கை உண்மையானது, எனக்கு எப்படித் தெரியும் என்றால்" என்று தொடங்கும் கடிதம்தான் வேண்டும். எழுதுபவர் மனுவின் கருத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. "எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் இவன் நடிக்கவில்லை" என்று ஒரு சார்ஜன்ட் எழுதிக்கொடுத்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

கொடுக்கும்போது தேதி போட்டுப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், முழு நகலும் வீட்டில் இருக்கட்டும். இது வெறும் எச்சரிக்கைப் பேச்சு இல்லை. வட கரோலினாவின் ஃபோர்ட் ப்ராக்கில் இருந்த ஜெரமி ஹின்ஸ்மன் 2002 ஆகஸ்டில் மனு கொடுத்ததாகவும், அது காணாமல் போனதால் மறுபடியும் கொடுக்க நேர்ந்ததாகவும் சொன்னார். இரண்டாவது மனுவின் தேதி ஆப்கானிஸ்தான் பயணத்துக்கு மிக அருகில் விழுந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு அது பயணத்திலிருந்து தப்பிக்கும் முயற்சியாகத்தான் தெரியும்.

மனுவுக்குப் பின்

முதலில் சேப்ளின் என்னும் ராணுவ மதகுருவோடு நேர்காணல். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். மதகுரு என்றதும் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். ஆனால் இந்த ஒரு பேச்சுக்கு ரகசியக் காப்பு கிடையாது. கேட்டதைத் தன் அறிக்கையில் எழுதுவது அவர் கடமை. அடுத்து மனநல மருத்துவர், நோய் ஏதும் உண்டா என்று பார்ப்பார்.

அதன்பின் விசாரணை அதிகாரி. கேப்டன் அல்லது அதற்கு மேல் பதவியில் இருப்பவர், சிப்பாயின் நேரடி அதிகார வரிசையில் இல்லாதவராக இருக்க வேண்டும். விசாரணை நீதிமன்றம்போல இருக்காது. மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி. சொந்தச் செலவில் வழக்கறிஞரை அழைத்து வரலாம், சாட்சிகளைக் கொண்டுவரலாம். செலவைப் பார்க்காமல் முழுப் பதிவும் எடுத்து வைப்பது நல்லது. சுருக்கக் குறிப்பில் நம் பதிலின் பாதி காணாமல் போகும்.

கேள்விகள் பெரும்பாலும் பழக்கப்பட்டவை. ஹிட்லரை எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாயா? உன் அம்மாவை ஒருவன் தாக்கினால் சும்மா இருப்பாயா? விதி போரைப் பற்றித்தான் கேட்கிறது. வீட்டு வாசலில் வந்து நிற்கும் திருடனைத் தள்ளிவிடுவது போர் ஆகாது. இந்த வேறுபாட்டை வாயால் தெளிவாகச் சொல்லத் தெரியாதவர்கள் தோற்கிறார்கள். ஹின்ஸ்மனின் விசாரணை ஆப்கானிஸ்தானில், அவர் சமையல்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது. முகாம் தாக்கப்பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். காக்க உதவுவேன் என்றார். தற்காப்புச் சண்டைக்குத் தயார் என்றால் எல்லாப் போருக்கும் எதிரி இல்லை என்று முடிந்தது. ஊரில் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பல ஆயிரம் மைல் தள்ளி இருக்க, போர்முனை முகாமில் இப்படியொரு கேள்விக்கு ஒரு இளைஞன் தனியாக உட்கார்ந்து பதில் சொன்னதை நினைத்தால் மனம் கனக்கிறது.

விசாரணை அறிக்கையின் நகல் கைக்கு வரும். மறுப்பு எழுதப் பத்து நாள் அவகாசம். சோர்ந்துபோய் "இதிலே என்ன எழுதுவது" என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். விடவே கூடாது. பின்னால் எந்த நீதிமன்றம் போனாலும் அந்தக் கோப்பில் இருப்பதை வைத்துத்தான் பார்க்கும். தவறாக எழுதப்பட்ட பதிலை வரிவரியாகத் திருத்த அந்தப் பத்து நாள்தான் இருக்கிறது. பிறகு கோப்பு கமாண்டர்கள் வரிசையாக ஏறி, சட்ட அதிகாரியைத் தாண்டி, தலைமையகத்தின் ஆய்வுக் குழுவுக்குப் போகும்.

எவ்வளவு காலம்? நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம் 2007-ல் கொடுத்த அறிக்கையின்படி சராசரியாக ஏழு மாதம். 2002 முதல் 2006 வரை எல்லாப் படைகளிலும் சேர்த்து 425 மனுக்கள், அதில் 224 ஏற்கப்பட்டன, 188 நிராகரிக்கப்பட்டன. பாதிக்குமேல் ஏற்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சுமார் 23 லட்சம் பேர் இருந்த படைகளில் ஐந்து வருடத்தில் 425 மனுதான் என்பதையும்.

மனு கொடுத்துவிட்டால் பயணம் தானாக நிற்காது. முரண்பாடு குறைந்த வேலையைக் கொடுக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. யூனிட் கிளம்பினால் கூடவே கிளம்பச் சொல்லலாம். இந்த ஏழு மாதத்தில் உத்தரவை மீறுவதுதான் மிக ஆபத்தான தவறு. சீருடை அணிய மறுத்தோ உத்தரவை மீறியோ வெளியே வரும் மனசாட்சி மறுப்பாளர் முன்னாள் படைவீரர் சலுகைகளை இழக்க நேரும் என்று தனிச் சட்டமே இருக்கிறது. மனு கொடுக்கும்போது அதைப் படித்துக் கையெழுத்தும் வாங்குவார்கள்.

கெவின் பெண்டர்மன் என்ற சார்ஜன்ட் 2003-ல் ஈராக் போய்வந்தவர். இரண்டாவது பயணம் நெருங்கியபோது, 2004 டிசம்பரில் ஃபோர்ட் ஸ்டூவர்ட்டில் மனு கொடுத்தார். ஜனவரியில் யூனிட் கிளம்பியபோது அவர் விமானத்தில் இல்லை. ஓடிப்போன குற்றத்திலிருந்து விடுதலை ஆனார். ஆனால் பயணத்தைத் தவறவிட்ட குற்றத்துக்கு 15 மாதம். ஏழு மாதம் எடுக்கும் மனுவை ஒரு மாதத்துக்கு முன் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மனசாட்சி சம்பந்தப்படாத வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் டிஏ ஃபார்ம் 5305-ல் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் காட்ட வேண்டும். பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பாட்டி படுத்துவிட்டால் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கிளம்பும் நாள் காலையில் சொன்னால் நம்பமாட்டார்கள். குடும்பத்தில் கடுமையான நெருக்கடி என்றால் அதற்கான விடுவிப்பு மனு தனி. உடல், மன உபாதை என்றால் மருத்துவரின் எழுத்துமூலமான கட்டுப்பாடு கோப்பில் ஏற வேண்டும். ஈராக்கிலிருந்து ஒருமுறை திரும்பி வந்தவர்களில் தூக்கமின்மையையும் கெட்ட கனவையும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, மறு பயண ஆணை வந்த பிறகு சொன்னவர்களை நடிப்பு என்று தள்ளிய கொடுமை நடந்தது. நோய் நடிப்பது ராணுவச் சட்டத்தில் தனிக் குற்றம் என்பதால் அந்தச் சந்தேகம் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். "ஒரே மகனைப் போருக்கு அனுப்பமாட்டார்கள்" என்பது வெறும் வதந்தி; பெற்றோரோ உடன்பிறந்தவரோ ராணுவப் பணியில் இறந்தோ, காணாமல் போயோ, முழுமையாக ஊனமுற்றோ இருந்தால்தான் அந்தச் சலுகை.

ஓடிப்போனால்

காலை அணிவகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் அன்றே பதிவாகும். அது ராணுவச் சட்டத்தின் 86-வது பிரிவு, அனுமதியில்லாமல் இல்லாமலிருப்பது. முப்பது நாள் ஆனதும் யூனிட் பட்டியலிலிருந்து பெயரை நீக்கி, டிடி ஃபார்ம் 553 என்ற தேடல் படிவம் போடுவார்கள். அது நாடு முழுவதுக்குமான போலீஸ் கணினியில் ஏறிவிடும். தேடிக்கொண்டு யாரும் வீடுவீடாக வருவது அபூர்வம். வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று சாலையில் நிறுத்துவார்கள், பெயரைத் தட்டினால் வாரண்ட் தெரியும், அவ்வளவுதான்.

"முப்பது நாள் தலைமறைவாக இருந்தால் தானாக வெளியே அனுப்பிவிடுவார்கள்" என்பது முகாம்களில் உலாவும் பேச்சு. அந்தப் பேச்சு கெடுத்த வாழ்க்கைகள் பல. முப்பது நாளைத் தாண்டினால் 86-வது பிரிவில் ஒரு வருடம் வரை சிறை. தானாக வராமல் பிடிபட்டால் 18 மாதம். ஆபத்தான பணியைத் தவிர்க்கவே போனார் என்று காட்டிவிட்டால் 85-வது பிரிவு, ஐந்து வருடம். யூனிட் கிளம்பும் நாளில் வேண்டுமென்றே இல்லாவிட்டால் 87-வது பிரிவு, இரண்டு வருடம். போர்க்காலத்தில் 85-க்கு மரண தண்டனையும் ஏட்டில் இருக்கிறது. 1945 ஜனவரி 31-ல் பிரான்சில் சுடப்பட்ட எடி ஸ்லோவிக்குக்குப் பிறகு அது நிறைவேற்றப்படவில்லை. நடைமுறையில் பலருக்குக் கோர்ட் மார்ஷலுக்குப் பதிலாக மரியாதை குறைந்த விடுவிப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரை அனுப்பினார்கள், யாரை விசாரித்தார்கள் என்று பார்த்தால், பத்திரிகையில் பேசியவர்கள் விசாரணைக்கு வந்தார்கள். ஃப்ளோரிடா தேசியக் காவல்படையின் கமிலோ மெஹியா விடுப்பில் வந்து திரும்பாமல், 2004 மார்ச்சில் வெளிப்படையாகச் சரணடைந்து மனுவும் கொடுத்தார். மே மாதமே ஒரு வருடச் சிறை.

கனடாவை நம்பிப் போனவர்களின் கதை இன்னும் வருத்தமானது. வியட்நாம் காலத்தில் எல்லை தாண்டியவர்களைக் கனடா குடியேறிகளாக ஏற்றுக்கொண்டது. 1969-க்குப் பிறகு எல்லையில் ராணுவ நிலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்த நினைவில் 2004-ல் போன ஹின்ஸ்மன் போன்றவர்கள் அகதி மனு போட வேண்டியிருந்தது. 2005-ல் நிராகரிக்கப்பட்டது. 2007 நவம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. 2008 ஜூன் 3-ல் நாடாளுமன்றம் 137-க்கு 110 என்று இவர்களை இருக்கவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அது அரசைக் கட்டாது. அடுத்த மாதமே, அப்படிப் போயிருந்த சிப்பாய் ராபின் லாங் திருப்பி அனுப்பப்பட்டு 15 மாதத் தண்டனை பெற்றார்.

மனு நிராகரிக்கப்பட்டவருக்குச் சட்டத்துக்குள் மிஞ்சும் வாசல் ஒன்று: ஆட்கொணர்வு மனுவோடு சிவில் நீதிமன்றம். 1972-ல் பரீசி வழக்கில், ராணுவ வழக்கு நிலுவையில் இருந்தாலும் இது முடியும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நீதிபதி மனசாட்சியை மறுபடி எடைபோடமாட்டார். நிராகரிப்புக்குக் கோப்பில் ஏதாவது அடிப்படை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அகஸ்டின் அகுவாயோ என்ற மருத்துவ உதவியாளர் ஜெர்மனியில் இருந்தபோது, ஈராக் பயணத்துக்குச் சற்று முன், 2004 பிப்ரவரியில் மனு கொடுத்தார். நிராகரிக்கப்பட்டது. ஈராக்கின் திக்ரித்தில் ஒரு வருடம் குண்டு நிரப்பாத துப்பாக்கியோடு காவல் நின்றார். 2006 செப்டம்பரில் இரண்டாவது பயணம். கைவிலங்கு போட்டாவது ஏற்றுவோம் என்றபோது, சாமான் எடுக்க வந்த வீட்டின் ஜன்னல் வழியே இறங்கிப் போனார். அந்த மாதமே கலிஃபோர்னியாவில் தானாகச் சரணடைந்தார். 2007 பிப்ரவரியில் அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது. மனுவின் தேதியும் கோப்பில் அவருக்கு எதிராக நின்றது. அடுத்த மாதம் எட்டு மாதத் தண்டனை.